சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை வேலை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் தங்கள் வீரர்களை என்எஃப்எல் என்ற தொழில்முறை உலகத்துக்கு எவ்வளவு தூரம் தயார்செய்து அனுப்புகின்றன? அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் மாதிரி பெரிய இடங்களில் ஆடினால்தான் தேற முடியுமா?

உடம்பைப் பொறுத்தவரை நன்றாகவே தயார்செய்கிறார்கள். ஆட்டத்தைப் பொறுத்தவரை, வீரர் மைதானத்தில் எந்த இடத்தில் நிற்கிறார், அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஹெல்மெட்டைக் கழற்றியபிறகு வரும் வாழ்க்கையைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே. கல்லூரி அணியின் வேலை சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகும் என்எஃப்எல் வீரரை உருவாக்குவது அதன் வேலையே அல்ல. சனிக்கிழமை வெற்றிக்குத் தேவையானதும் என்எஃப்எல்-க்குத் தேவையானதும் எங்கே ஒன்றாக இருக்கின்றனவோ அங்கே வீரர் அருமையாகத் தயாராகிறார். எங்கே விலகுகின்றனவோ அங்கே அரைகுறையாக வெளியே வருகிறார்.

இதைப் புரிந்துகொள்ள இந்த விளையாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். கிரிக்கெட்டில் வட்டார லீக், ரஞ்சி, இந்தியா ஏ என்று படிகள் உண்டு. அமெரிக்க பேஸ்பாலிலும் பெரிய கிளப்புகள் தங்கள் செலவில் கீழ்மட்ட அணிகளை வைத்து இளைஞர்களை வளர்க்கின்றன. என்எஃப்எல்-க்கு அப்படி எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் நடத்திவந்த லீகையும் 2007-இல் இழுத்து மூடிவிட்டது. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவரை டிராஃப்டில் (அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில்) சேர்க்கமாட்டோம் என்று ஒரு விதியும் வைத்திருக்கிறது. 2002-இல் முதலாண்டு மாணவராக ஒஹாயோ ஸ்டேட்டைத் தேசியப் பட்டம் வரை கொண்டுபோன மாரிஸ் கிளாரெட் அந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்; 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர். கிளாரெட்டை 2005-இல் டென்வர் அணி மூன்றாம் சுற்றில் எடுத்தது. ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் வெளியேறினார்.

ஆக, கல்லூரிதான் ஒரே வாசல். ஆனால் அந்த வாசலைக் காப்பவர்களுக்கு என்எஃப்எல் சம்பளம் தருவதில்லை. வீரர்களை வளர்த்துக் கொடுத்ததற்காகக் கல்லூரிக்கு ஒரு டாலர்கூட வருவதில்லை. பயிற்சியாளர் வேலையில் நீடிப்பது ஒரு பருவத்தின் பன்னிரண்டு ஆட்டங்களில் எத்தனை ஜெயித்தார் என்பதைப் பொறுத்தது. தன்னிடம் மூன்று ஆண்டு இருக்கப்போகும் குவாட்டர்பேக்குக்கு (பந்தை வாங்கி, வீசி, தாக்குதலை நடத்துபவருக்கு), இன்னும் ஐந்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் வித்தையை அவர் ஏன் சொல்லித்தர வேண்டும்?

எத்தனை பேர் இந்த வாசலைத் தாண்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ தானே வெளியிடும் கணக்குப்படி, டிராஃப்டுக்குத் தகுதியுள்ள கல்லூரி வீரர்களில் சுமார் 1.6 சதவீதம் பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். ஏழு சுற்று, 32 அணி, ஏறத்தாழ 257 பேர். நூறில் 98 பேருக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. அவர்களுக்கான தொழில்முறை வாழ்க்கை வேறெங்கோ இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

உடம்பு விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 18 வயதில் 110 கிலோவோடு வரும் பையன் 22 வயதில் 140 கிலோவோடு, வேகம் குறையாமல் வெளியே போகிறான் என்றால் அது கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் வேலை. உணவு நிபுணர், எடைப்பயிற்சியாளர், பிசியோ எல்லாரும் இருக்கிறார்கள். வலிமையான உடம்பு சனிக்கிழமையும் ஜெயிக்கவைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் ஜெயிக்கவைக்கும் என்பதால் இங்கே முரண்பாடு இல்லை. எல்லை மீறல்கள் நடப்பதுண்டு. 2018-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கு வந்து 19 வயது வீரர் ஒருவர் இறந்தார். ஆனாலும் பொதுவாக, உடம்பு தயாரில்லை என்று எந்த என்எஃப்எல் அணியும் கல்லூரிகளைக் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். கல்லூரிக் கால்பந்தும் என்எஃப்எல்-லும் டிவியில் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் விதிகளே வேறு. களத்தின் நடுவில் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்-லில் பதினெட்டரை அடி. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் கல்லூரியில் பந்து ஓரத்துக் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் பெரிய மைதானமே காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடத்தைச் சுரண்டுவதற்கென்றே கல்லூரித் தாக்குதல் முறைகள் உருவாயின. அதேபோல, ஓட்ட ஆட்டத்துக்குத் தடுக்கப்போகும் லைன்மேன்கள் (குவாட்டர்பேக்குக்கு முன்னால் வரிசையாக நின்று எதிரணியைத் தடுப்பவர்கள்), பந்து வீசப்படும்முன் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி மூன்று யார்டு வரை போகலாம் என்கிறது கல்லூரி விதி. என்எஃப்எல் ஒரு யார்டுதான் அனுமதிக்கிறது. ஓடுவதா வீசுவதா என்பதைக் கடைசி நொடியில் குவாட்டர்பேக் முடிவுசெய்யும் 'ஆர்பிஓ' பிளேக்கள் (முன்கூட்டியே வகுத்த நகர்வுகள்) கல்லூரியில் கொடிகட்டிப் பறந்ததற்கு அந்த இரண்டு யார்டும் ஒரு காரணம். கல்லூரியில், வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒரு காலைக் கோட்டுக்குள் வைத்துப் பந்தைப் பிடித்தால் போதும். மேலே போனால் இரண்டு காலும் வேண்டும்.

இந்த இடைவெளி அதிகம் பாதிப்பது குவாட்டர்பேக்கைத்தான். 1990-களின் கடைசியிலிருந்து ஹால் மம்மி, மைக் லீச் போன்ற பயிற்சியாளர்கள் பரப்பிய 'ஏர் ரெய்ட்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர்களைக் களம் முழுக்க அகலமாக நிறுத்துவார்கள். குறைந்த எண்ணிக்கையில் பிளேக்கள். அவற்றைத் தூக்கத்திலும் செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி. ஹடில் (வட்டமாகக் கூடிப் பேசுவது) கிடையாது. எல்லாரும் வரிசையில் நின்று ஓரத்தைப் பார்ப்பார்கள். அங்கிருந்து கைச்சைகையிலோ அட்டையிலோ பிளே வரும். எதிரணி எப்படி நிற்கிறது என்பதைக்கூடப் பயிற்சியாளரே பார்த்து மாற்றிச் சொல்லிவிடுவார். பெரிய அணிகளோடு ஆள்பலத்தில் போட்டிபோட முடியாத டெக்சாஸ் டெக் போன்ற கல்லூரிகளுக்கு இது வரப்பிரசாதம். சனிக்கிழமை ஜெயித்தார்கள்.

என்எஃப்எல்-லில் அதே பையன் என்ன செய்யவேண்டும்? ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு நீண்ட வாக்கியமாகப் பிளே வரும். கடிகாரத்தில் 15 நொடி பாக்கி இருக்கும்போது அந்த ஒலி நின்றுவிடும். கேட்டதைப் பிசகாமல் பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். வரிசைக்கு வந்து, எதிரணியில் யார் பாய்ந்து வரப்போகிறார் என்று ஊகித்து, தடுப்பு ஏற்பாட்டை மாற்றவேண்டும். பந்தை வாங்கியபிறகு முதல் ரிசீவர், இரண்டாவது, மூன்றாவது என்று இரண்டரை நொடிக்குள் பார்த்து முடிக்கவேண்டும். இதில் பாதியைக் கல்லூரியில் அவர் செய்ததே இல்லை. டெக்சாஸ் டெக்கில் 15,000 யார்டுக்கு மேல் வீசிச் சாதனை படைத்த கிரஹாம் ஹாரெல்லை 2009 டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை. அந்த எண்களை முறை உருவாக்கியது, ஆளல்ல என்று நினைத்தார்கள்.

அதே டெக்சாஸ் டெக்கிலிருந்து, அதே மரபில் வந்த பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரியிடம் ஆடிய பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் பத்தாவது ஆளாக கான்சாஸ் சிட்டிக்குப் போனார். முதல் ஆண்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். ஒரே ஒரு லீக் ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) வீசி எம்விபி, அதாவது லீகின் மிகச்சிறந்த வீரர், ஆனார். டெக்சாஸ் டெக் அவரைத் தயார்செய்ததா என்றால், கையையும் துணிச்சலையும் வளர்த்துவிட்டது. மீதியைக் கான்சாஸ் சிட்டியின் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அந்த ஓராண்டில் சொல்லிக்கொடுத்தார். இதில் இன்னொரு பாதியும் உண்டு. ரீட் தன் பிளேபுக்கில் கல்லூரிச் சரக்கைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இடைவெளி குறைந்திருக்கிறது என்றால், கல்லூரி மேலே ஏறிப்போனதை விட என்எஃப்எல் கீழே இறங்கிவந்ததுதான் அதிகம். அதே கிங்ஸ்பரியை 2019-இல் அரிசோனா கார்டினல்ஸ் தலைமைப் பயிற்சியாளராகவே எடுத்துக்கொண்டது. கல்லூரிகளும் ஓரடி நெருங்கிவந்தன: ஹெல்மெட் ஸ்பீக்கர் என்எஃப்எல்-லில் 1994 முதல் இருக்கிறது, கல்லூரியின் உயர்மட்டத்துக்கு 2024-இல்தான் வந்தது.

குவாட்டர்பேக் விஷயத்தில் கல்லூரியின் பெயரை விட நான் நம்புவது ஒரு எளிய எண்ணை: எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார்? இதற்கு ஒரே அணியில் நடந்த கதை போதும். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ 49ers மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைத் தாரைவார்த்து, மூன்றாவது ஆளாக ட்ரே லான்ஸை எடுத்தது. நார்த் டகோட்டா ஸ்டேட்டில் அவர் தொடங்கியது 17 ஆட்டங்கள். உடம்பில் எல்லாத் திறமையும் இருந்தது. அனுபவம் இல்லை, கூடவே காயமும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதே அணி, டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக, ப்ராக் பர்டியை எடுத்தது. ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு தொடர்ந்து ஆடியவர். உயரம் சுமார், கை சுமார். டிசம்பரில் களமிறக்கப்பட்டபோது ஒன்றும் புதிதாகத் தெரியாதவர் போல ஆடினார். அடுத்த பருவத்தில் அணியை என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். லான்ஸை டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 13 ஆட்டம் மட்டும் தொடங்கிவிட்டு இரண்டாவது ஆளாகப் போன மிட்செல் ட்ரபிஸ்கி, அதே 13 ஆட்டத்தோடு நான்காவதாகப் போன ஆன்டனி ரிச்சர்ட்சன் இருவரும் தடுமாறியதும், கல்லூரியில் 61 ஆட்டம் தொடங்கிய போ நிக்ஸ் முதல் ஆண்டிலேயே டென்வரைப் பிளேஆஃபுக்கு அழைத்துப்போனதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விதிவிலக்கு உண்டு. வயோமிங்கில் 56 சதவீதம் துல்லியத்தோடு ஆடிய ஜாஷ் ஆலனைப் பலரும் தேறமாட்டார் என்றார்கள். பஃபலோ அணி அவரைப் பொறுமையாகச் செதுக்கி எம்விபி ஆக்கியது. ஆனால் அந்தப் பெருமை பஃபலோவுக்குரியது, வயோமிங்குக்கு அல்ல.

அஃபென்சிவ் லைனில், அதாவது தாக்கும் அணியின் லைன்மேன்களிடம், குறை வேறுவிதம். பரவலாக நிற்கும் கல்லூரி முறைகளில் லைன்மேன் ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்பதே அபூர்வம். பந்து ஒன்றரை நொடியில் கையை விட்டுப் போய்விடும். அவ்வளவு நேரம் தடுத்தால் போதும். என்எஃப்எல்-லில் மூன்று நொடி, எதிரே, குவாட்டர்பேக் மேல் பாய்ந்து வரும் உலகின் மிகச்சிறந்த பாஸ் ரஷர். 2015 வாக்கில் பல என்எஃப்எல் லைன் பயிற்சியாளர்கள் வெளிப்படையாகவே புலம்பினார்கள்: கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு அடிப்படையே தெரிவதில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது என்று.

அந்தப் புலம்பலில் ஒரு பாதியை அவர்கள் சொல்வதில்லை. 2011-இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, பருவத்தின்போது முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சி மொத்தமே 14 முறைதான் நடத்தலாம். முன்பு இரண்டாம் ஆண்டு வீரரை அடித்துத் துவைத்துக் கற்றுக்கொடுக்க நாள்கணக்கில் நேரம் இருந்தது, இப்போது இல்லை. வீரர்களின் உடல்நலத்துக்கு அது நல்லது, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவு, கற்பிக்கும் சுமை முழுவதும் கல்லூரியின் தலையில் விழுந்தது. கல்லூரிக்கு அந்தச் சுமை வந்ததே தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்காது.

எங்கே நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்றால், ஐயோவாவைச் சொல்வேன். கிர்க் ஃபெரென்ட்ஸ் அங்கே 1999 முதல் தலைமைப் பயிற்சியாளர். அதற்கு முன் என்எஃப்எல்-லில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு லைன் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய தாக்குதல் முறை பழையது, மெதுவானது, பார்க்கச் சலிப்பூட்டுவது. ஆனால் என்எஃப்எல் ஆடுவது ஏறக்குறைய அதைத்தான். அதனால் ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ், டைலர் லிண்டர்பாம் போன்ற லைன்மேன்கள் அங்கிருந்து போய் முதல் ஆண்டிலேயே நிலைத்து நின்றார்கள். டைட் எண்டில் (தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் சேர்ந்த இடம்) 2019-இல் ஹாக்கென்சன், ஃபேன்ட் என்று ஒரே கல்லூரியின் இருவர் முதல் சுற்றில் போனார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன் ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்றில் போய் அந்த இடத்தின் முன்னணி வீரரானார். வேடிக்கை என்னவென்றால், 2022, 2023 இரண்டு பருவங்களிலும் ஐயோவாவின் தாக்குதல் நாட்டிலேயே கடைசி வரிசையில் இருந்தது. டிவியைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் எந்தக் குவாட்டர்பேக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அதே இடம் லைன்மேனுக்குப் பொன்விளையும் பூமி.

ஒஹாயோ ஸ்டேட்டில் இதன் மறுபக்கம். மயாமி டால்ஃபின்ஸில் ரிசீவராக ஆடிய பிரையன் ஹார்ட்லைன் 2018-இலிருந்து அங்கே ரிசீவர்களைப் பொறுப்பேற்றார். கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே, ஜாக்சன் ஸ்மித்-ஞ்ஜிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர், எமேகா எக்பூகா என்று 2022 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் முதல் சுற்றில் ஒரு ரிசீவராவது போனார். ஓடும் கோணம், கால்வைப்பு, எதிராளியின் இடுப்பைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதே கல்லூரியின் குவாட்டர்பேக்குகள், 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வரும்வரை, என்எஃப்எல்-லில் சோபித்ததே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்தார்கள். ஒரே ஜெர்ஸி, ஒரே மைதானம், ஒரே பட்ஜெட். வித்தியாசம் அந்த இடத்துக்கான பயிற்சியாளரில் இருக்கிறது.

அலபாமா? நிக் சேபன் 2007 முதல் 2023 வரை அங்கே இருந்தார். என்எஃப்எல் பயிற்சியாளர் பில் பெலிசிக்கிடம் கிளீவ்லாந்தில் தடுப்புப் பயிற்சியாளராக இருந்தவர், மயாமி டால்ஃபின்ஸை இரண்டு ஆண்டு நடத்தியவர். அவருடைய தடுப்புமுறையின் சொல்வழக்கு, கூட்டங்கள், வீடியோ அறை எல்லாமே ஒரு என்எஃப்எல் அணியைப் போல இருந்தது. 2021 டிராஃப்டில் அலபாமாவிலிருந்து ஆறு பேர் முதல் சுற்றில் போனார்கள். 2022-இல் ஜார்ஜியாவிலிருந்து மொத்தம் 15 பேர். ஏழு சுற்று டிராஃப்டில் அது சாதனை. இந்த எண்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கல்லூரிகள் நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை வடிகட்டி எடுத்துக்கொள்கின்றன. 18 வயதிலேயே என்எஃப்எல் உடம்போடு வந்தவர் 21 வயதில் என்எஃப்எல்-க்குப் போனால், கல்லூரி சேர்த்த பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். சேபனிடம் ஆடிய யாரும் சோம்பேறியாக வந்ததில்லை என்பது உண்மை. ஆனால் தினமும் பயிற்சியில் எதிரே நிற்பவரும் வருங்கால என்எஃப்எல் வீரர் என்பதே பாதிப் பாடம். அதை எந்தச் சிறிய கல்லூரியும் தர முடியாது.

சிறிய கல்லூரியிலிருந்து போகவே முடியாதா என்றால், ஜெர்ரி ரைஸ் மிசிசிபி வேலி ஸ்டேட்டிலிருந்து போனவர், வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து. கர்ட் வார்னர் நார்தர்ன் ஐயோவாவில் ஆடி, டிராஃப்டில் எடுபடாமல், மளிகைக் கடையில் அலமாரி அடுக்கி, உள்ளரங்கக் கால்பந்தும் ஐரோப்பிய லீகும் சுற்றி, 1999-இல் எம்விபி ஆனார். கல்லூரிக் கால்பந்தே ஆடாமல் வந்தவர்களும் உண்டு. அன்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட்டில் ஆடியது பாஸ்கெட்பால். டைட் எண்டாகி 2025-இல் புகழ்மண்டபத்துக்கே போய்விட்டார். ஆஸ்திரேலிய ரக்பி வீரர் ஜோர்டன் மைலாடா 2018-இல் ஃபிலடெல்ஃபியா எடுத்தபோது ஒரு கால்பந்து ஆட்டம்கூட ஆடியதில்லை. ஜெஃப் ஸ்டவுட்லாந்து என்ற லைன் பயிற்சியாளர் அவரை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்து, லீகின் சிறந்த இடது டாக்கிள்களில் ஒருவராக்கினார். மூன்று ஆண்டு கல்லூரியில் கழித்தே ஆகவேண்டும் என்ற வாதத்துக்கு மைலாடா ஒரு சங்கடமான சாட்சி. நல்ல ஆசிரியரும் பொறுமையும் இருந்தால், கெட்ட பழக்கம் எதையும் கற்றுக்கொள்ளாமல் வருவதே சில இடங்களில் அனுகூலம்.

படிப்பு, வாழ்க்கை என்ற பக்கத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விளையாட்டுக்குச் செலவிடலாம் என்பது என்சிஏஏ விதி. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் சங்கம் வைக்க முயன்றபோது, தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ அதிகாரி சாட்சியங்களைக் கேட்டு எழுதிய கணக்கு வேறு: பருவத்தின்போது வாரம் 40 முதல் 50 மணி நேரம், ஆகஸ்ட் முகாமில் 50 முதல் 60. படிப்பில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்திலேயே இந்த நிலை. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய குவாட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர் மருத்துவம் படிக்கும் ஆசையோடு வந்தவர்; தேவையான வேதியியல் வகுப்பு பயிற்சி நேரத்தோடு மோதியதால் எடுக்க முடியவில்லை என்று சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டு வாரியம் இந்த விஷயத்தில் தலையிட மறுத்துவிட்டது. சங்கம் அத்தோடு போயிற்று. நார்த் கரோலைனாவில் நடந்தது இன்னும் மோசம். பதினெட்டு ஆண்டு காலம், வகுப்பே நடக்காத பாடங்களில் மதிப்பெண் போடப்பட்டது. பயனடைந்தவர்கள் 3,100 பேருக்கு மேல், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது.

படித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைரன் ரோல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். ஓராண்டு தள்ளி வந்தபோது, இவருக்கு ஆட்டத்தில் முழு மனது இருக்கிறதா என்று அணிகள் சந்தேகப்பட்டன. ஆறாம் சுற்று வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை. இன்று அவர் மூளை அறுவை மருத்துவர். லோரான் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்துக்கொண்டே ஆடி, கான்சாஸ் சிட்டியோடு சூப்பர் பவுல் ஜெயித்தார். ஆனால் அவர் படித்தது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், இந்த அமெரிக்க அமைப்புக்கே வெளியே. கால்பந்தும் கடினமான படிப்பும் சேர்ந்து போகாது என்று சொல்பவர்கள் அவருடைய கால அட்டவணையைப் பார்க்கவேண்டும்.

டிராஃப்டில் போன 1.6 சதவீதத்துக்கும் இது பொருந்தும். வீரர் சங்கம் சொல்லும் சராசரி என்எஃப்எல் ஆயுள் சுமார் 3.3 ஆண்டு. 25, 26 வயதில் ஓய்வு. 2015-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, ஓய்வுபெற்ற 12 ஆண்டுக்குள் ஏறத்தாழ 16 சதவீத வீரர்கள் திவால் மனு கொடுத்திருந்தார்கள் என்று கண்டது. அதிகம் சம்பாதித்தவர், கொஞ்சம் சம்பாதித்தவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. பணம் போதாதது அல்ல பிரச்சினை. பணத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராதது. மூன்று ஆண்டு ஒருவரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, சாப்பாடு முதல் தூக்கம் வரை அட்டவணை போட்டு நடத்திவிட்டு, வரிப்படிவம் நிரப்பத் தெரியாமல் அனுப்புவதைத் தயாரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடம்பில் கொண்டுபோவதும் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தானமாகக் கிடைத்த மூளைகளில், என்எஃப்எல் ஆடிய 111 பேரில் 110 பேருக்கும், கல்லூரியோடு நின்ற 53 பேரில் 48 பேருக்கும் சிடிஇ என்ற மூளைச்சிதைவு இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருப்பார்கள் என்பதால் அதை எல்லாருக்குமான விகிதமாக எடுக்கக்கூடாது. ஆனால் ஒரு டாலர் சம்பாதிக்காமல் அந்த 48-இல் சேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

சம்பாத்தியம் மட்டும் இப்போது மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். கல்லூரி வீரர்கள் தொடுத்து, 2025 ஜூனில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே தரலாம். என்எஃப்எல்-லில் 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். முன்னணிக் கல்லூரி குவாட்டர்பேக்குகள் அதை விட அதிகம் வாங்குகிறார்கள். இதனால், நடுச்சுற்றில் போகக்கூடியவர்கள் அவசரப்படாமல் இன்னொரு ஆண்டு இருந்து ஆடுகிறார்கள். அது நல்லதுதான். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. ஜோ பர்ரோ, ஜேடன் டேனியல்ஸ், 2025-இன் முதல் தேர்வான கேம் வார்டு எல்லாரும் கல்லூரி மாறி மேலேறியவர்கள். குவாட்டர்பேக்குக்கு இது லாபம். லைன்மேனுக்கு எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரே ஆசிரியரிடம் நான்கு ஆண்டு குனிந்து கற்கவேண்டிய வேலை அது. ஆண்டுக்கு ஒரு கல்லூரி, ஆண்டுக்கு ஒரு பிளேபுக் என்றால் என்ன தங்கும்?

ஆறு சூப்பர் பவுல் ஜெயித்த பெலிசிக் 2024 டிசம்பரில் நார்த் கரோலைனாவுக்கு வந்தபோது, என்எஃப்எல் பாணியிலேயே நடத்தி வீரர்களை அங்கே அனுப்பும் குழாயாக இதை ஆக்குவேன் என்ற தோரணையில் பேசினார். முதல் பருவத்தில் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. என்எஃப்எல்-ஐப் போல நடத்துவது ஒன்று, சனிக்கிழமை ஜெயிப்பது இன்னொன்று.

கடைசியாக, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் ஒரு பையனோ அவன் பெற்றோரோ இதைப் படித்தால்: சுற்றிக்காட்டும்போது டிராஃப்டில் போனவர்களின் படங்கள் மாட்டிய சுவரின் முன் நிறுத்துவார்கள். உங்கள் இடத்துக்கான பயிற்சியாளர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், அவரிடம் கற்றவர்களில் எத்தனை பேர் என்எஃப்எல்-லில் நான்காம் ஆண்டைத் தாண்டினார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பிறகு, மூன்றாம் ஆண்டு லைன்மேன்கள் என்னென்ன பாடம் எடுத்துப் படிக்கிறார்கள், மதியப் பயிற்சியோடு மோதும் வகுப்பை எடுக்க விடுவார்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பயிற்சியாளர் பதில் சொல்லாமல் படிப்பு ஆலோசகரைக் கைகாட்டினால், அந்த ஆலோசகருக்குச் சம்பளம் தருவது கல்வித்துறையா விளையாட்டுத்துறையா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.